முப்பத்துமூன்றுக்கும் முப்பத்துநான்குக்கும் நடுவே

ஆர்யெப்லோக் ஊரின் ஏரி
ஜனவரியில் ஏரியாக இருப்பதில்லை.
அதன்மேல் சாலை போட்டுவிடுகிறார்கள்,
வளைவுக்கு வளைவு கம்பு நட்டு, எண் எழுதி.
இன்னும் பெயர் வைக்காத கார்கள்
கறுப்பு வெள்ளைக் கோலத்தில் முகம் மறைத்து
விடியாத காலையில் வழுக்கிப் பழகுகின்றன.
ஒன்றுக்கும் புகைக்குழல் இல்லை.
டயர் பனியை மெல்லும் சத்தம் மட்டும்,
பக்கத்து இலையில் யாரோ அப்பளம் நொறுக்குவதுபோல்.

ஏழாம் எண் கார்
மைனஸ் முப்பத்தெட்டில் இராத்திரி முழுக்க நின்றது.
கொட்டகைச் சூட்டுக்குள் இழுத்துவந்து பார்த்தால்
மின்கலப் பெட்டிக்குள் ஒரு சொட்டு.
ஒன்றே ஒன்று.
நானூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில்
சொட்டு என்பது சின்னச் சொல் இல்லை.

ஸ்லோவாக்கியாவிலிருந்து போகுமிலை வரவழைத்தார்கள்.
மூன்று விமானம், பிறகு ஒரு நீளமான பஸ்.
சிலிக்கோன் நுரை வளையங்களைச்
சட்டைகளுக்கு நடுவே மடிப்பு விழாமல் சுருட்டி எடுத்துவந்திருந்தான்.
இறங்கியதும் சொன்னான்:
"என் ரப்பர் குளிருக்கு இறுகாது."
வணக்கம் அதற்குப் பிறகுதான்.

பாதியளவு நசுக்கு,
உறையவை, வேகவை, மறுபடி உறையவை,
கையை எடுத்ததும் எழுந்து நிற்கவேண்டும்.
அந்த எழுச்சிக்குத்தான் அவன் ஆலையில் சம்பளம்.
மூடியின் உட்புறம் அப்ரகத் தகடு: அது தீக்கு.
விளிம்பில் இவனுடைய வளையம்: அது தண்ணீருக்கு.

குன்வோர் பேசவில்லை.
பெட்டிக்குள் ஹீலியம் ஏற்றினாள்.
கதவு தட்டத் தெரியாத வாயு அது,
விரிசல் எவ்வளவோ அவ்வளவு மெலிந்துகொள்ளும்.
முகர்கருவியை விளிம்போரமாக நடத்தினாள்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
முப்பத்துமூன்றாம் போல்ட்டுக்கும்
முப்பத்துநான்குக்கும் நடுவே
கருவி கூவியது.

அறுபத்துநான்கு போல்ட்டும் கழன்று மூடி எழுந்தபோது
வளையத்துக்குக் குறுக்கே படுத்திருந்தது
ஒரு மயிர்.
வெள்ளை. நுனி மட்டும் சாம்பல்.

மயிரிழையில் தப்பினோம் என்போம் நாம்.
தண்ணீர் மயிரிழையில் நுழைந்திருந்தது.
மயிரின் மேல் ஏறி இறங்கும் ரப்பர்
இருபுறமும் அடிதொட முடியாமல் விட்ட
இரண்டு சந்துகள்,
கண்ணுக்குத் தெரியாதவை,
சொட்டுக்குத் தெரிந்தவை.

"என் ரப்பர் இல்லை!"
போகுமில் போனில் தன் முதலாளிக்குக் கத்தினான்.
சிரித்தான். விசிலடிக்க உதட்டைக் குவித்தவன்
குன்வோரின் முகத்தைப் பார்த்து
குவித்தபடியே நிறுத்திக்கொண்டான்.

அந்த மூடியைப் போட்டவள் அவள்தான்.
நார் உதிராத மேலங்கி போட்டிருந்தாள்,
விதிப்படி.
அங்கிக்கு வெளியே இரண்டு விரற்கடை
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது கம்பளிக் கை.
அந்தக் கம்பளியை அக்டோபரிலிருந்து அவள் துவைக்கவில்லை.
அக்டோபரில்தான் நாய் செத்தது.

தமிழில் இதை எழுதுவதில் ஒரு சங்கடம்.
கசிவு என்றாலும் ஈரம் என்றாலும்
நம் மொழி கேட்காமலே நெஞ்சையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.
அவர்களுடைய படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
இருக்கும் கட்டங்கள் இவைதான்:

அயற்பொருள்: மயிர்.
நிறம்: வெள்ளை.
நீளம்: நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
மூலம்:

"தெரியவில்லை என்று போட்டுவிடலாம்,"
என்றான் போகுமில், மெதுவாக,
தரையைப் பார்த்து.
"எங்கள் ஆலையில் பாதிக்கு மேல் அப்படித்தான்."

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்:
ஹுல்டா.

புதிய வளையம். அறுபத்துநான்கு போல்ட்டு.
ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அரைமணி நேரம்.
உள்ளே உலர்ந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஏழாம் எண் மறுபடி ஏரிமேல் போனது.

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து கடிதம்:
ஹுல்டா எந்த ஷிஃப்ட்?
தூய்மைப் பயிற்சி முடித்துவிட்டாரா?
முடிக்கவில்லை என்றால்
எப்போது அனுப்பலாம்?